பாவு பிணைக்கும் கைக்கு ஒரு டியூப்

போன செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு கடை தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டதை உள்ளே இருந்தே பார்த்துவிட்டேன்.

"முட்டிக்கு ஒரு மருந்து குடுப்பா."

நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் மூட்டு வலிக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது. டியூப், டப்பா, பாட்டில், பொட்டலம்... ஒரு டியூபை எடுத்து வைத்தேன்.

"இது எரியுமா?"

"எரியாதுங்க. லேசா சூடு தெரியும்."

"அப்ப வாணாம். எரியணும்பா. எரிஞ்சாத்தான உள்ள வேலை நடக்குதுன்னு தெரியும்?"

எரிகிறதை எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்து மூக்கருகே வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆங்... இது மருந்து!"

சிரிக்காதீர்கள். இத்தனை வருடம் கவுன்டருக்குப் பின்னால் நின்றதில் ஒன்று தெரிந்துகொண்டேன். 'வலிக்கு மருந்து' என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆனால் வலி போக வேண்டும் என்பதற்காக மட்டும் யாரும் கேட்பதில்லை. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும் — அதற்காகக் கேட்கிறார்கள். அரக்கோணத்தில் தண்டவாள வேலை பார்க்கிறவருக்கு, வியர்வையில் கரைந்து போகாத மருந்து வேண்டும். எங்கள் ஊர் முருகன் மலையடிவாரத்தில் பூக்கட்டும் அம்மாவுக்கு வாசனையே வரக்கூடாது. சாமிக்குப் போகிற மாலையில் தைல வாடை அடித்தால் யார் வாங்குவார்கள்? கல்யாணச் சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். பரிமாறி முடித்த பிறகுதான் தோளில் தேய்த்துக்கொள்வார். முன்னாலேயே தேய்த்த ஒரு நாள், சாம்பாரைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கேள்வியை இன்னும் மறக்கவில்லையாம்.

பெரியவர் கிளம்பும்போது திரும்பினார்.

"ஏம்பா, இவ்ளோ அடுக்கி வெச்சிக்கினு கீறியே. உங்க வூட்ல யாருக்காவது வலின்னா நீ எத்த குடுப்ப?"

எதையோ தேடுகிறவன் போல மேஜைக்கடியில் குனிந்துகொண்டேன். எதிரில் நிற்கிறவரிடம் சொந்த விஷயம் பேச எனக்கு எப்போதும் வராது என்பது நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். எழுதினால்தான் வரும். எழுதிவிடுகிறேன்.

என் அக்கா பெயர் லோகம்மா. என்னைவிட ஏழு வயது பெரியவள். நெசவாளர் தெருவில் போய் லோகம்மா வீடு எது என்றால் யோசிப்பார்கள். பாவு பிணைக்கிற அக்கா வீடு என்றால் உடனே கை காட்டுவார்கள்.

தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. ஒரு பாவு தீர்ந்ததும் அதன் நுனியை அறுக்காமல் விட்டு வைப்பார்கள். அந்தப் பழைய இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழை ஒன்றைச் சேர்க்க வேண்டும். முடிச்சுப் போட்டால், நூல் புகுந்து வருகிற சீப்பு போன்ற அச்சின் பல்லில் மாட்டும். அதனால் முடிச்சு கிடையாது. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு ஒரே ஒரு முறுக்கு. அவ்வளவுதான் பிடிமானம். ஆயிரக்கணக்கான இழைக்கும் இப்படி முறுக்கி முடித்து, மெதுவாக இழுத்தால் புதுப் பாவு முழுக்க அச்சைக் கடந்து வந்துவிடும். நடுவில் முறுக்கு நழுவினால்? நெசவாளி இரண்டு மூன்று நாள் தறியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அக்கா கையில் முறுக்கு நழுவி நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த விரல்களுக்குத்தான் மூட்டு வலி வந்தது. கணுக்கள் மொச்சைக் கொட்டை போல வீங்கிவிட்டன. காலையில் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். கூடவே, 'கைக்கு வேலை குடுக்காதீங்கம்மா' என்றும் சொன்னார்கள். மாத்திரையை அக்கா வாங்கிக்கொண்டாள். அந்த வார்த்தையை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

பிறகு ஆரம்பித்தது வைத்தியம். முடக்கத்தான் தோசை. நொச்சி இலை ஒற்றடம். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். மலைமேல் கோயிலில் கொடுக்கிற சந்தனத்தைக் குழைத்துப் பூசினால் காய்கிற வரைக்கும் ஜில்லென்று இருக்கும். காய்ந்ததும் வலி 'நான் எங்கேயும் போகவில்லை' என்று சொல்லும்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பாவா — அக்கா புருஷன் — ஒரு பாட்டில் மயில் எண்ணெய் வாங்கி வந்தார். மயில் கொழுப்பை உருக்கியது, மூட்டுக்கு இதற்கு மேல் மருந்தில்லை என்று விற்றவன் சத்தியம் செய்தானாம். அக்கா பாட்டிலைத் தொடவே இல்லை.

"முருகன் ஏறிக்கினு போற மயில உருக்கி எங்கையில பூசச் சொல்றியா? அதுவும் இந்த ஊர்ல இருந்துகினு?"

"அது மயிலும் இல்ல ஒண்ணும் இல்லமே. ஏதோ எண்ணெய்ல ஒரு இறகச் சொருவி வெச்சிக்கீறான்."

"மயில் இல்லன்னு தெரிஞ்சிக்கினே எதுக்கு வாங்கின?"

அந்த எண்ணெய் கதவுக் கீலுக்குப் போனது. கதவு குணமாகிவிட்டது.

ஆனால் எந்த எண்ணெயானாலும் அக்கா வேலை இல்லாத நாளில்தான் தடவுவாள். விரலில் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் சாம்பல் களிம்பாகிவிடும். முறுக்கு நிற்காது. மறுநாள் சீயக்காய் போட்டு மூன்று முறை கழுவி, விரலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். ஆக, வலிக்கிற நாளில் மருந்து கிடையாது. மருந்து போடுகிற நாளில் வேலை கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனி ரெப்ரசென்டேட்டிவ் கடைக்கு வந்தார். டை கட்டியிருந்தார்.

"பிசுக்கே இல்லை சார். தடவினா தோல் குடிச்சிடும். பவுடர் போட்ட கை மாதிரி இருக்கும்."

நான் என் புறங்கையில் தடவினேன். கொஞ்ச நேரம் விட்டு நியூஸ் பேப்பரில் தேய்த்தேன். கறை இல்லை. வெள்ளை வேட்டியில் தேய்த்தேன். கறை இல்லை. வாசனை? லேசாக, புதினா போல. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இன்னா மச்சான், இந்த வாரம் இன்னா விஷம்?" என்றார் பாவா.

"இது பிசுக்கு இல்ல பாவா. நான் பாத்துட்டேன்."

பேப்பரில் பார்த்தேன். துணியில் பார்த்தேன். சாம்பலைத் தொட்டுப் பார்த்தேனா? இல்லை. நெசவாளர் தெருவில் பிறந்தவன் நான். இது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அதே தெரு நெசவாளி முனிரத்தினம் வீட்டில் பாவு பிணைப்பு. மெல்லிய நூல், சேலைப் பாவு. அக்கா காலையில் ஒரு முறையும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறையும் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்றாள். கடைக்கு வருகிறவளே இல்லை. முதலாளி இருப்பதைக்கூடப் பார்க்காமல், விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள்.

"டேய், இங்க பாரு... வலியே இல்லடா! பொழுதுக்கும் உக்காந்துகினு பிணைச்சேன். விரலு இருக்கிறதே தெரில!"

அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அன்று ராஜாவைப் போல வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் பாவா சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. "முனிரத்தினம் வூட்டாண்ட வா" என்றார்.

போனேன். பாவை இழுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு சாண் வந்ததும் ஓர் இழை நழுவியிருக்கிறது. பிறகு பத்து. பிறகு கொத்துக் கொத்தாக. தறிக்கு அந்தப் பக்கம் பழைய நூல், இந்தப் பக்கம் புது நூல். நடுவில் ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள் எல்லாம் நின்றிருந்தார்கள்.

முனிரத்தினம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காத. உன் கையி ஓஞ்சி பூட்ச்சிக்கா. நீ ஊட்ல குந்து."

"ஒரு இழைகூட நான் அசால்ட்டா முறுக்கலியேப்பா..." என்றாள் அக்கா. தன் விரல்களை, வேறு யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குனிந்து நழுவிய ஒரு நுனியை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் ஒட்டவில்லை. மாவுபோல் திரண்டு உதிர்ந்தது. முகர்ந்தேன். புதினா.

'அக்கா கை இல்லை, என் டியூப்' — இதுதான் சொல்ல வேண்டியது. ஐந்தே வார்த்தை. பத்துப் பேர் நின்றிருந்தார்கள். என் வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சம் மட்டும்தானா? மருந்துக் கடைக்காரன் கொடுத்த மருந்தால் தறி கெட்டது என்று தெரு பேசுமே என்கிற பயம் இல்லையா? இருந்தது.

அடுத்த நாளிலிருந்து பின்தெருவில் இருக்கும் சுந்தரி என்ற பெண்ணைப் பாவு பிணைக்கக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அக்கா வாசல் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

பதினோராவது நாள் முதலில் முனிரத்தினம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. சொல்லிவிட்டேன்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா சார்? அந்த அம்மாவ நான் எவ்ளோ பேர் எதிர்ல சொல்லிட்டேன்... சரி, அந்த மருந்து போடாம வரச் சொல்லு. எந்தம்பி தறில பாவு தீரப் போவுது. அக்காவையே கூப்புடறேன்."

அங்கிருந்து ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப எங்கை ஓயலியாடா?"

"இல்லக்கா. மருந்துதான்."

பாவா தறியிலும் அன்று பாவு தீர்ந்திருந்தது. அக்கா எழுந்தாள். கையைக் கழுவினாள். மருந்து தொட்டுப் பத்து நாளுக்கு மேல் ஆன கை. சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தறிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நானும் பாவாவும் பக்கத்தில் நின்றோம்.

முதல் இழை. சாம்பல் தொட்டு, முறுக்கி, விட்டாள். பாவா அதை இழுத்துப் பார்த்தார். நின்றது.

"பாத்தியா? கல்லாட்டம் கீது!" என்றார் பாவா.

இரண்டாவது. மூன்றாவது. பத்து இழை வரைக்கும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முறுக்குக்கும் கட்டை விரல் நடுங்கியது. முப்பதுக்குள் இருக்கும்... கையை மடியில் போட்டுக்கொண்டாள். முறுக்கிய இழை ஒன்றுகூட நழுவவில்லை. ஆனால் இன்னும் ஆயிரக்கணக்கில் பாக்கி இருந்தது.

"அன்னிக்கு வலிக்கல. அதான் பொழுதுக்கும் உக்காந்தேன். முன்ன வலியோடயே தள்ளினேன், இப்ப அதுவும் முடியல" என்றாள். "முனிரத்தினம் சொன்னது சரிதான்டா. அவன் சும்மா சொல்லல."

"கொஞ்ச நேரம் கழிச்சிப் பாக்கலாம்மே" என்றார் பாவா.

"கழிச்சிப் பாத்தா மட்டும் வேற கை மொளைக்குமா?"

அவளே உள்ளே போய்ப் புடவையைச் சரிசெய்துகொண்டு, பின்தெருவுக்கு நடந்தாள். சுந்தரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தான் விட்ட இடத்தைக் காட்டினாள். "இதுக்கு மேல நீ புடிச்சிக்கோமா" என்றாள். சாம்பல் கிண்ணத்தை அந்தப் பெண் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பிறகு என்னிடம் வந்தாள். குரலில் ஒன்றும் இல்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி.

"அந்த டியூபு இன்னொண்ணு கீதாடா?"

"கீதுக்கா."

"கொண்டாந்து குடு. இனிமே இன்னா, எப்ப வேணா தடவிக்கலாம்."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ டியூப் எடுத்துக் கொடுத்த கை இது. அன்று அந்தத் தட்டுக்கு நேராக அதைத் தூக்கவே எனக்கு நேரம் பிடித்தது.

இப்போது மாதம் ஒன்று கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நல்ல மருந்துதான்... வலியே இல்லை என்கிறாள்.