பெரியம்மா ஏறினாளா, இறங்கினாளா

இதுவரை வானத்துக்குப் போன அத்தனை பேரையும் பத்திரமாகப் பூமியில் இறக்கியது சித்தப்பாதான். விமானி இறக்கியது விமானத்தை மட்டும். சித்தப்பா தன் படிக்கட்டு வண்டியை ஓட்டி வந்து கதவோரம் ஒட்டி நிறுத்தாவிட்டால், மந்திரியானாலும் மாப்பிள்ளையானாலும் உள்ளேயே உட்கார்ந்து வேர்க்க வேண்டியதுதான். இப்படித்தான் அவருடைய அண்ணன் மகள் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வால். காரணம் கேட்டால் சித்தி பொழுது சாயும்வரை சொல்லுவாள்.

இருபத்திரண்டு வருடம் அந்த வண்டி. மற்றவர்கள் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள், சித்தப்பா ஆசைக்குச் சேர்ந்தார். லீவு நாளிலும் மொட்டைமாடியில்தான் நிற்பார். கல்யாண போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, மாப்பிள்ளை மட்டும் அண்ணாந்து பார்ப்பார். சித்தி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஓடுபாதையின் ஒரு கோடி வீட்டுக்குப் பின்னால்தான். தலைக்கு மேல் சத்தம் கேட்டதும், சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்ன ரகம் என்று சொல்லிவிடுவார். மாடிக்கு ஓடிப் பார்த்து வந்து "கரெக்ட்" என்று சொல்வது வாலின் உத்தியோகம். மத்தியானம் வந்து போகும் சரக்கு விமானம்தான் அவருக்குச் செல்லம். இரண்டு விசிறி வைத்த கிழம். மூச்சு வாங்கிக்கொண்டே வருவதால் அதற்குப் பெரியம்மா என்று பெயர். ஆறு வயதில் வால் அவர் தோளில் உட்கார்ந்து அதற்குக் கையாட்டினாள். விமானியும் பதிலுக்குக் கையாட்டினான் என்று இரண்டு பேரும் இன்றுவரை சாதிக்கிறார்கள்.

இந்த வருடம் காதுப் பரிசோதனையில் இடது காது காலை வாரிவிட்டது. விமானம் நிற்கும் இடத்தில் வேலை செய்பவருக்கு முதுகுப்பக்கம் வரும் வண்டி கேட்டாக வேண்டும். பயணிகள் தொலைத்த சாமான்களைக் காக்கும் அறைக்கு அவரை மாற்றினார்கள். ஜன்னல் கிடையாது. குடைகளும் ஒற்றைச் செருப்புகளும்தான் துணை.

அதற்குப் பிறகு சாப்பிடும்போது சத்தம் கேட்டாலும் சித்தப்பா வாயைத் திறப்பதில்லை.

"இப்ப போனது என்னங்க?" என்றாள் சித்தி ஒருநாள்.

"செவிடன்கிட்ட கேக்குற கேள்வியா இது? அதெல்லாம் விட்டாச்சு."

வாலுக்கு உத்தியோகம் போனது. அது பரவாயில்லை. இந்த மனுஷன் இப்படியே தரையைப் பார்த்துச் சாப்பிட்டே காலத்தை ஓட்டிவிடுவாரோ என்றுதான் பயம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஸ்பீக்கரை ஒளித்துவைத்து, ஏற்கெனவே அங்கிருந்தே போனில் பதிந்துவைத்திருந்த சத்தத்தை முழு வால்யூமில் விட்டாள் வால்.

கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவின் கை நின்றது. "பெரியம்மா," என்றார் மெல்ல.

வால் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தாள். "கரெக்ட் சித்தப்பா. பெரியம்மாவேதான். காதுக்கு ஒண்ணும் ஆகல."

"ஏறுறாளா, இறங்குறாளா?"

வால் இதை யோசித்திருக்கவில்லை. "இறங்குறா," என்றாள் குத்துமதிப்பாக.

"நான் கேட்டது ஏறுற சத்தம். ஏறினாலும் இறங்கினாலும் காத்துக்கு எதிராத்தான். இன்னைக்கு அடிக்கிற காத்துக்கு நம்ம வீட்டு மேல இறங்கத்தான் முடியும், ஏற முடியாது." ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். "இந்த வாரம் அவ நம்ம மேல ஏறுற மாதிரி காத்து திரும்பினது ஒரே ஒரு நாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம்."

"எல்லாத்தையும் விட்டாச்சுன்னீங்க," என்றாள் சித்தி. "காத்த மட்டும் யாரு பாத்துட்டிருந்தா?"

சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தார்.

"வா, வால். நிஜப் பெரியம்மா வர இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள சொல்லி முடி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் கணக்குப் பரீட்சைய யாரு எழுதினா?"