சிவப்பு பல்பு

தொண்ணூறுகளில், அம்பத்தூரில் நான் வேலை செய்த தொழிற்சாலைக்குப் புதிய உற்பத்தி முறை வந்தது. ஒவ்வொரு மிஷினுக்கு மேலேயும் ஒரு சிவப்பு பல்பு. பீஸில் குறை கண்டால் ஸ்விட்சைப் போட்டு மொத்த லைனையும் நிறுத்த வேண்டும். அந்த முறை வரும்வரை மிஷினை நிறுத்தினால் திட்டுதான் விழும்.

முதலில் நிறுத்தியவன் பக்கத்து லேத் மிஷின்காரன். கெட்டது அவனே செய்த பீஸ். அதற்கு மேனேஜரே வந்து கைதட்டினார், போர்டில் அவன் போட்டோவை மாட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. பதினைந்து வருடமாக ஒழுங்காக வேலை செய்தவன் நான். என்னை எவன் பார்த்தான்?

ஒரு வாரம் என் பீஸ்களை அளந்து அளந்து பார்த்தேன். பாழாய்ப்போன கை, ஒன்றில்கூடத் தப்பு செய்யவில்லை. கடைசியில் டூலைப் பிடித்திருக்கும் போல்ட்டை நானே தளர்த்தி, ஒரு பீஸைக் கெடுத்து, பல்பை எரியவிட்டேன்.

அந்தப் பக்கத்து லேத்துக்காரன்தான் முதலில் ஓடிவந்தான். போல்ட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னா மாமே இது?" என்று என் காதோடு கேட்டான்.

மேனேஜர் வந்ததும் அவனே முந்திக்கொண்டான். "மிஷின் ஆடுது சார். கரெக்டா புட்ச்சிட்டாரு."

எல்லோரும் கைதட்டினார்கள். போர்டில் என் போட்டோவும் ஏறியது, அவனுடையதற்குக் கீழே. அதுவும் அவன் போட்ட பிச்சை.