திரையில் தெரியாத தமிழ்

நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் வினோதா. படிப்பை முடித்ததும் கொழுந்து பறிக்கப் போகாமல், நுவரெலியாவில் இருந்த சிறிய பெண்கள் சங்கமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் அடிபடும் பெண்களைத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து, அவர்கள் சொல்வதை எழுதிவர வேண்டும். அதை வைத்துத்தான் ஹட்டனில் சங்கத்து வக்கீல் அவர்களுக்காக வழக்காடினார். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து அவள் எல்லாவற்றையும் நோட்டுக் கொப்பிகளில்தான் எழுதினாள். மழைக்கு நனையாமல் சீலைப்பைக்குள் பொலித்தீனில் சுற்றி வைத்திருப்பாள்.

2004ஆம் ஆண்டு ஒரு நாள், மீனம்மா என்ற பெண்ணிடம் பேசிவிட்டு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பையை வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள். அந்தச் சற்று நேரத்தில் மீனம்மாவின் கணவன் கொப்பியை எடுத்துப் புரட்டிவிட்டான். அன்றைக்கே மீனம்மாவின் கை முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவள் கோபப்படவில்லை.

“நீங்க எழுதினதத்தான் அக்கா அவரு வாசிச்சிருக்காரு. இனிமே எம் பேச்ச எங்கயும் எழுதாதீங்க” என்றாள்.

அதன்பிறகு வினோதாவால் கொப்பியைத் தொட முடியவில்லை. சங்கத்தின் தலைவி பூரணம் யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, ஓய்வுபெற்ற பிறகும் மலையிலேயே தங்கிவிட்டவர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். “உந்தக் கொப்பியள் இனி வேண்டாம் பிள்ளை” என்று சொல்லி, யாரோ கொடுத்த பழைய கம்பியூட்டர் ஒன்றை வாங்கி வைத்தார். கோப்பைத் திறக்க இரகசியச் சொல் ஒன்றும் போடப்பட்டது. ஆங்கில விசைகளில் தமிழ் அடிக்க வினோதா பழகினாள். எம் என்ற விசையைத் தட்டினால் அ வரும். கே தட்டினால் ம வரும். விரல்கள் பழகும்வரை மற்றப் பெண்களின் கதையை அடித்துப் பிழைவிட அவளுக்கு மனம் வரவில்லை. ஆகவே தன் கதையை அடித்தாள்.

அவள் கணவன் கொழும்பில் கடையொன்றில் வேலை பார்க்கிறான் என்றுதான் தோட்டம் நம்பியிருந்தது. உண்மையில், நுவரெலியாவில் இருவரும் தனியாகக் குடியிருந்தபோது, கொதிக்கும் தண்ணீரை அவள் முதுகில் ஊற்றிய அன்றே அவன் ஓடிப்போய்விட்டான். பெற்ற தாய்க்குக்கூட அவள் அதைச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை அழிக்கவும் இல்லை. கோப்பின் முதல் பக்கமாக அது அப்படியே இருந்தது.

பழைய கொப்பிகள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தபின் டீச்சரும் அவளும் அடுப்பில் போட்டு எரித்தார்கள். வினோதாவுக்கு நெஞ்சு லேசானது. இனி எவனும் பைக்குள் கைவிட்டு வாசிக்க முடியாதே. இரகசியச் சொல் இருக்கிறது என்று அறிந்த மீனம்மாவும் தன் கதை அதில் இருக்கச் சம்மதித்திருந்தாள்.

மூன்று வருடங்கள் அப்படியே நல்லபடி போயின. போர் மறுபடி மூண்டிருந்த 2007இல், வக்கீலிடம் கொடுப்பதற்காகக் குறிப்புகளைப் பென் டிரைவ் ஒன்றில் எடுத்துக்கொண்டு அவள் ஹட்டன் பஸ்ஸில் ஏறினாள். நானுஓயா தாண்டியதும் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். அவளுடைய பையிலிருந்து அந்தச் சின்னப் பொருளை எடுத்த பொலிஸ்காரர், அதில் என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். சங்கத்து எழுத்து வேலை என்றாள். பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது.

பொலிஸ் நிலையத்தில் அதைக் கம்பியூட்டரில் செருகி, இரகசியச் சொல்லையும் அவளைக் கொண்டே அடிக்க வைத்தார்கள். கோப்பு திறந்தது. திரை முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளும்தான் இருந்தன. அவள் தட்டிய ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் எழுத்துரு அந்தக் கம்பியூட்டரில் இல்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது என்ன பாஷை, யாருக்கு அனுப்புகிற சங்கேதம் என்று கேட்டார். தமிழ்தான் என்று அவள் சொன்னபோது அறையில் இருந்த ஒருவர் சிரித்தார். தமிழ் எழுத்து எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? கடைகளின் பெயர்ப்பலகைகளில் தினமும் பார்க்கிறார்களே.

 அந்த நாட்களில் இதைவிட அற்பமான காரணத்துக்கும் ஆட்களைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் சிலரைப் பற்றி வீட்டாருக்கு எந்தத் தகவலும் வரவில்லை. ஒரு போன் எடுக்க விடுங்கள் என்று கெஞ்சினாள். விட்டார்கள். எழுத்துரு சீடி வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னாள்.

டீச்சர் வர மாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருப்பவர் அந்த நேரத்தில் தானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வருவதா? ஆனால் பூரணம் வாடகை வேன் ஒன்றில் வந்து இறங்கினார், கையில் எழுத்துரு இருந்த சீடியோடு. அவருடைய அட்டையை வாங்கிப் பார்த்த பொலிஸ்காரர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பூரணம் வினோதாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

“பயப்பிடாத பிள்ளை. விடும்வரைக்கும் நானும் இஞ்சதான் இருப்பன்” என்றார் மெதுவாக.

எழுத்துரு ஏற்றியதும் திரை தமிழாக மாறியது. வினோதாவுக்கு மூச்சு வந்தது. மறுகணமே நின்றும் போனது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். வந்தவர் நானுஓயாவில் மளிகைக் கடை வைத்திருந்த முத்துலிங்கம். சுற்றியிருந்த தோட்டங்கள் எல்லாம் சாமான் வாங்குவது அவர் கடையில்தான். அந்தக் கோப்பில் இருந்த பெண்களில் பாதிப்பேரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மீனம்மாவும் அதில் இருந்தாள்.

முத்துலிங்கம் திரைக்கு முன் குனிவதற்குள் வினோதா இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் பேசினாள்.

“சேர், முதல் பக்கத்த நானே சிங்களத்துல சொல்றேன். அவரு பாத்துக்கிட்டே இருக்கட்டும். நான் பொய் சொன்னா அவரு சொல்லட்டும். மத்தப் பக்கமும் இதே மாதிரிதான். அதையெல்லாம் தொறக்காதீங்க.”

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார்.

அவள் வாசித்தாள். சுடுதண்ணீர், முதுகு, அதன்பிறகு குப்புறப் படுத்தே தூங்கிய மாதங்கள்.  கடைசியில் இது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான்தான் என்றாள். முத்துலிங்கம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சொன்னதெல்லாம் சரி, எழுதியிருப்பது அதுதான் என்றார். பூரணத்துக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. ஆனால் தமிழில் எழுதியிருந்ததை அவரும் நின்றபடியே வாசித்துவிட்டிருந்தார். அவருடைய கை வினோதாவின் தோளைப் பிடித்தது.

அடுத்த பக்கத்துக்குப் போக இன்ஸ்பெக்டரின் கை நகர்ந்தது, பிறகு நின்றது. பென் டிரைவைக் கழற்றி மேசைமேல் வைத்தார். டீச்சரின் அடையாள அட்டை மட்டும் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. அதுவரை இருவரும் வாசலில் இருந்த வாங்குப் பலகையில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலையிலேயே வினோதா தாய் வேலாயியிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கடைத்தெருவில் கேள்விப்படுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று. வேலாயி அவளுடைய சட்டையை விலக்கி முதுகைப் பார்த்தாள். “இதோட எப்படிடி கொழுந்து மலையெல்லாம் ஏறி எறங்குன” என்று மட்டும் கேட்டாள். இருவரும் ஊர்ப்பேச்சுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு பேச்சும் வரவில்லை. முத்துலிங்கம் வாய் திறக்கவே இல்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் அவர் நுவரெலியாவுக்கு வந்தார். கூடவே, வலப்பனையில் கட்டிக்கொடுத்த அவருடைய மகள். முக்காட்டை முகம்வரை இழுத்து விட்டிருந்தாள். அவளைச் சங்கத்து வாசலுக்குள் அனுப்பிவிட்டு அவர் படியிலேயே நின்றுகொண்டார்.

“நான் உள்ள வரல்லம்மா. எம் முன்னாடி அது பேசாது. நீ கேட்டு எழுதிக்க” என்றார்.

வினோதா அந்தப் பெண்ணுக்கு நாற்காலியைக் காட்டினாள். கம்பியூட்டரைத் திறக்கவில்லை. முதலில் அவள் பேசட்டும் என்று எதிரே உட்கார்ந்தாள்.