தூங்கும்போது என் கழுத்தைப் பிடித்த கை

ஆண்டவர் இதுவரைக்கும் என்னை மூச்சோடு வைத்திருக்கிறார், அதனால் பேசுகிறேன். என் பெயர் எஸ்தர். இண்டூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நானும் என் கணவரும் பட்டுப்புழு வளர்க்கிறோம். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிற ஆள் நான். இதை மட்டும் சொல்லாமல் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

போன வருடம் வெயில் ஆரம்பித்த சமயத்தில்தான் அந்தக் கை முதலில் வந்தது. அதுவும் பட்டப்பகலில்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் புழு ஷெட்டின் வாசலில் பாய் விரித்துக் கொஞ்சம் கண்ணயர்வது என் வழக்கம். புழுக்கள் தழை தின்கிற சத்தம் மழை பெய்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை. தோல் உரிப்பதற்கு முன்னால் புழுக்கள் எல்லாம் ஒன்றாகத் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அதைப் புழுவின் தூக்கம் என்போம். வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியதுதான். ஆனால் அன்றைக்கு அத்தனை தலைகளும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தேன். தூங்கிவிட்டேன். அப்போதுதான் ஒரு கை என் கழுத்தைப் பிடித்தது.

ஒவ்வொரு விரலும் எனக்குத் தெரிந்தது. தழை பறித்துப் பறித்துக் காய்த்துப்போன விரல்கள். கத்தப் பார்த்தேன், குரல் வரவில்லை. எழப் பார்த்தேன், உடம்பு வரவில்லை. எப்படியோ உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தபோது அங்கே யாரும் இல்லை. மல்பெரித் தோட்டத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

அது யாருடைய கை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கணவரின் அண்ணன் மனைவி செல்வி அக்கா அதே ஷெட்டில் என்னோடு வேலை செய்தவர். அதற்கு முந்தைய வருடம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்த பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. இதயம் நின்றுவிட்டது, யார் மேலும் தவறில்லை என்றார்கள். உள்ளே போகும் முன்னால் மெட்டியையும் தாலியையும் கழற்றி என் கையில்தான் கொடுத்தார். "பத்தரமா வெச்சிரு, வந்து வாங்கிக்கிறேன்" என்றார். வரவில்லை.

அதற்குப் பிறகு கண்ணை மூடினால் போதும், கை வரும். மாதாமாதம் தொண்டை வலியும் காய்ச்சலும் வேறு. எச்சில் விழுங்கினால் முள் குத்துகிற மாதிரி இருக்கும். என் குரலே தடித்து வேறு யாரோ பேசுவது போல ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு மாதம்மா ஒருநாள் நான் பேசுவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"எஸ்தரு, இது செல்வி கொரலு. அவளுக்குத் தனியா இருக்க முடியல. உன்னக் கூப்புடறா. வா, பூசாரிகிட்டப் போயிட்டு வந்துடலாம்."

"எனக்கு ஆண்டவர் இருக்காரு மாதம்மா. பூசாரி எல்லாம் வேணாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொன்னது வாய்தான். உள்ளுக்குள் அவர் சொன்னதையே நம்பினேன்.

என் கணவர் விடவில்லை, தருமபுரிக்கு அழைத்துப்போனார். தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "டான்சில் ரெண்டும் வீங்கி ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கிட்டு இருக்கும்மா. ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும். முழு மயக்கம் குடுத்துதான் பண்ணுவோம்" என்றார். மயக்கம் என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது நான் ஓடிவந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். நர்ஸ் வந்து, "மெட்டி, தாலி எல்லாம் கழட்டிடுங்க" என்றார். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் படியிறங்கிப் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டேன். என் கணவர் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உங்கழுத்துல யாரும் கை வெக்கல எஸ்தரு. நான் பாத்துனே இருக்கறன். கொறட்ட வுடற, டக்குனு நிக்குது. நெஞ்சு மட்டும் ஏறி எறங்குது, மூச்சு வர்றதில்ல. ஒதடு கருத்துப் போவுது. நான் உலுக்கி வுட்டாத்தான் மூச்சு வருது. நான் தூங்கி எத்தன நாளாச்சுனு உனக்குத் தெரியுமா?"

பேய் என்றால்கூட விரட்டலாம். இது என் தொண்டையே என்னை மூடுகிறது. ஆபரேஷன் செய்யாவிட்டால் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விடுவேன். செய்தால் செல்வி அக்கா போன வழியில் போக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தூக்கம்தான் வாயைத் திறந்துகொண்டு நின்றது. என் மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நேராகப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லாச் சகோதரிகளும் எனக்காக அழுது ஜெபித்தார்கள். நான் கேட்டது இவ்வளவுதான். "ஆண்டவரே, அந்தக் கை என் கழுத்தில் படக் கூடாது. மயக்கத்தில் உம்மைக் கூப்பிட எனக்கு வாய் இருக்காது. கூப்பிடாமலே நீர் வர வேண்டும்."

ஜெபித்துவிட்டு வந்து படுத்தேன். கை வந்தது. எப்போதையும்விடப் பலமாகப் பிடித்தது. அன்றைக்கு ஆண்டவர் மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது. இத்தனை பேர் பட்டினி கிடந்து கேட்டோமே, உமக்குக் காது கேட்கவில்லையா என்று அவரிடமே கேட்டேன். பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் கணவரின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. இந்த மனுஷனுக்காகவாவது போக வேண்டும் என்று எழுந்தேன். விசுவாசத்தில் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆபரேஷன் நாளில் மெட்டியையும் தாலியையும் நானே கழற்றி என் கணவர் சட்டைப் பையில் போட்டேன். "பத்தரமா வெச்சிருங்க, வந்து வாங்கிக்கிறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் நான் படுத்திருந்த தள்ளுவண்டி நகர ஆரம்பித்தது.

தியேட்டருக்குள் ஒரே குளிர். மயக்க டாக்டர் என்னைவிடச் சின்ன வயதுப் பெண்.

"என் கழுத்த மட்டும் யாரும் புடிக்கக் கூடாதுங்க டாக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "தலைமாட்டுலயேதான் இருப்பேன், நகர மாட்டேன்" என்று சொல்லி மாஸ்க்கை வைத்தார்.

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. கனவு இல்லை, இருட்டுகூட இல்லை. நான் என்று ஒருத்தி இருந்ததே இல்லாத மாதிரி. அந்த ஒன்றுமில்லாத இடத்துக்குக் கை வந்தது.

தாடைக்குக் கீழே, கழுத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்தது. முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ஒரு குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. "சின்னு, எந்திரி. புழு எந்திரிச்சிருச்சு, தழ போடணும். எந்திரி." என்னைச் சின்னு என்று இந்த உலகத்தில் செல்வி அக்கா ஒருவர்தான் கூப்பிடுவார். கை நெரிக்கவில்லை, மேலே தூக்கியது. தூக்கத் தூக்க எனக்குள் காற்று வந்தது. எத்தனையோ மாதமாக அப்படி ஒரு மூச்சை நான் இழுத்ததில்லை.

கண்ணைத் திறந்தேன். ஆபரேஷன் முடிந்திருந்தது. மயக்க டாக்டர் என் தலைமாட்டில் நின்று இரண்டு கைகளாலும் என் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை அவருக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

"கையை எடுத்தா உங்களுக்கு மூச்சு அடைச்சிடுது. அதான் பிடிச்சுக்கிட்டே நின்னுட்டேன். பயந்தீங்களா?" என்றார்.

அடுத்த நாள் அவர் பார்க்க வந்தபோது, எனக்குப் பேச்சு வராததால் சைகையில் காகிதம் கேட்டு எழுதிக் காட்டினேன், "சின்னு என்று கூப்பிட்டது நீங்களா?" என்று. "இல்லையே, எஸ்தர் எஸ்தர்னுதான் கூப்பிட்டேன். வேற யாரும் பேசல" என்றார்.

இதை எங்கள் போதகரிடம் சொன்னேன். செத்தவர்கள் பேச மாட்டார்கள் சகோதரி, மயக்கத்தில் அப்படித்தான் தோன்றும் என்றார். அவர் படித்தவர், நான் எதிர்த்துப் பேசவில்லை. கூப்பிடாமலே வர வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டேன், வந்தார். யாருடைய குரலை வாங்கிக்கொண்டு வந்தார் என்பது அவருடைய விருப்பம். கை படக் கூடாது என்று மட்டும் கேட்டேனே, அந்த ஜெபத்தை அவர் கேட்டிருந்தால் நான் இன்றைக்கு இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது.

தொண்டைப் புண் ஆறும் வரைக்கும் கஞ்சித் தண்ணீரும் ஐஸ்கிரீமும்தான். எனக்குப் பேச்சு இல்லாத அந்த நாட்களில்தான் வீடு வீடாக இருந்தது என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். கை அதற்குப் பிறகு வரவில்லை. நான் சத்தமே இல்லாமல் தூங்குகிறேனாம். அந்த மனுஷனுக்கு அதுவும் பயம், மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். செல்வி அக்காவைப் பற்றிப் பேசினாலே முன்பெல்லாம் எழுந்து போய்விடுவேன். இப்போது நானேதான் பேச்சை எடுக்கிறேன்.

மயக்கத்துக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்கள் உங்களில் இருந்தால், என்னிடம் சொல்லி அனுப்புங்கள், கூட வருகிறேன். தைரியமாகப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். பயத்தோடேயே போங்கள், நான் அப்படித்தான் போனேன்.

சென்ற மாதம் பொம்மிடியிலிருந்து வருகிற எங்கள் சபைச் சகோதரி ஒருவருக்கு அதே ஆபரேஷன். தியேட்டர் வாசல் வரைக்கும் போனேன். என் கையை விடவே மாட்டேன் என்றார்.

"அந்தப் பக்கம் என்னக்கா இருக்குது? நீங்க போயிட்டு வந்தவங்கதான, சொல்லுங்க" என்று கேட்டார்.

"என்ன இருக்குதுனு எனக்குத் தெரியல கண்ணு" என்றேன். "ஆனா ஆள் இருக்குது."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்.