ஒன்பதரைக்கு இறங்கிய வண்டி

வாடகை வண்டி ஸ்டாண்டில் அவர் பெயர் பன்னெண்டு. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கிறது என்று, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் தன் பழைய பிக்கப் வேனைப் பற்றிப் பீற்றிக்கொண்டதால் ஒட்டிக்கொண்ட பெயர். பதினெட்டு வயது வண்டி. கதவு கிரீச்சிடும், கண்ணாடி பாதிதான் இறங்கும். அதையெல்லாம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மைலேஜைக் குறை சொன்னால் மட்டும் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட வண்டி மூன்று மாதமாக ஒன்பதரையைத் தாண்டவில்லை. ஏர் ஃபில்டர் மாற்றினார், டயருக்குக் காற்றடித்தார், டீசல் பீய்ச்சும் நாசிலைப் பார்த்தார். ம்ஹூம்! ஓடிச் சம்பாதித்ததெல்லாம் டீசலுக்கே போயிற்று.

"வித்துட்டு இங்க வந்துடுங்கப்பா. அம்மா தவறினப்புறம் அங்க ஒத்தையில என்ன பண்றீங்க?" என்று தூரத்து ஊரிலிருந்து மகள் நச்சரித்தாள்.

"இந்த மாசத்துக்குள்ள பன்னெண்டு வரலைன்னா வித்துடறேன், போ!" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து தூக்கம் போயிற்று. வண்டியும் போய்விட்டால் அந்த ஊரில் அவருக்கென்று யார் இருக்கிறார்கள்?

மாதக் கடைசியில் மெக்கானிக் டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, அளந்து ஊற்றிய ஒரு லிட்டர் கேனை எஞ்சினோடு இணைத்தான். இருவரும் ஏறி, டீசல் தீர்ந்து வண்டி தானாக நிற்கும்வரை ஓட்டினார்கள். பன்னிரண்டரை கிலோமீட்டரில் நின்றது.

"வண்டி தங்கம்ண்ணே! ஓடறப்ப ஒரு சொட்டு வீணாகல. நிக்கறப்பதான் எங்கயோ போகுது. எவனாவது திருடறானா? இல்ல, நீங்களே ஆஃப் பண்ணாம நிறுத்தி வைக்கறீங்களா?"

மனைவி இருந்தவரை, எஞ்சின் சத்தம் காதில் விழுந்ததும் ஓடிவந்து கேட்டைத் திறப்பாள். மூன்று மாதத்துக்கு முன் அவள் போனதிலிருந்து தினமும் சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்க மனமில்லாமல் ஒன்றரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அணைத்தால் வீட்டுக்குள் போயாக வேண்டுமே! அவ்வளவு பெரிய மைலேஜ் புலிக்கு இது மட்டும் இத்தனை நாள் உறைக்கவே இல்லை.

அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார்.

"பன்னெண்டரை வந்துடுச்சும்மா."

"அப்ப வர மாட்டீங்க, அப்படித்தானே?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் வீட்டுக்குள்ள போக பயமா இருக்கு. நாலு நாள் வந்து என்கூட இருக்கியாம்மா?"