பஸ்ஸில் சொன்ன பதில்

நன்னடத்தை உத்தியோகத்தர் சங்கத்தின் புதிய தலைவி கேதீஸ்வரி முதல் கோரிக்கையாகச் சம்பள உயர்வைக் கேட்கவில்லை. தங்கள் பொறுப்பில் வரும் ஆதரவற்ற பிள்ளைகளைச் சிறுவர் இல்லங்களுக்குக் கூட்டிச் செல்ல ஒரு வாகனம் கேட்டார். "ஓம் மிஸ், பஸ்ஸில போய் நாரி முறியுது" என்று இடுப்பைப் பிடித்துக் காட்டி உறுப்பினர் விஜிதரன் சிரித்தார். கேதீஸ்வரி சிரிக்கவில்லை.

போன மாரி மழைக்காலத்தில், தாயை இழந்த ஐந்து வயதுப் பிள்ளையைப் பனிச்சங்கேணியிலிருந்து மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் கூட்டி வந்தார். நம் பஸ்களில் அடுத்தவர் கதையை விசாரிக்காமல் ஒருவரும் இறங்குவதில்லை. பக்கத்திலிருந்த பெண் உரத்த குரலில் கேட்டாள்: "இது ஆர்ர புள்ள? எங்க கொண்டு போறீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

"என்ட மகள்" என்றார் கேதீஸ்வரி.

இல்லத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியபோது, பிள்ளை அவர் சேலையைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, நானும் வாறன்."