இல்லாத வீட்டுக்கு வந்த கடிதங்கள்

நான் வேலை பார்க்கும் கொரியர் கடையில் பசை வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம், அப்பாவின் இன்லேண்ட் கடிதங்களைப் பிரித்த நாட்கள் வந்துவிடுகின்றன. அப்பா பட்டாளத்துக்காரர், பனிமலை எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. திருவொற்றியூர்க் குப்பத்தில், கருவாடும் மண்ணெண்ணெயும் மணக்கும் எங்கள் வீட்டில், அலைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி நான் எழுத்துக்கூட்டி வாசிக்க, படிக்கத் தெரியாத அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டுவாள். எல்லாக் கடிதமும் 'நான் சௌக்கியம்' என்றுதான் தொடங்கும்.

அந்த மழைக்காலத்தில் கடல் முதலில் அடுப்படியையும், பிறகு வீட்டையும் தெருவையும் இழுத்துக்கொண்டது. பள்ளிக்கூட வராந்தாவில் ஒண்டிக்கொண்டு பழைய முகவரிக்கு வந்து தபால்காரர் தேடிக் கொடுத்த கடிதத்துக்கு நான் பதில் எழுத உட்கார்ந்தபோது அம்மா சொன்னாள்:

"வூடு நல்லா கீதுன்னு எய்துடி. துப்பாக்கி புடிச்சிகினு கீற மன்சன் பேஜாராவக் கூடாது."

சண்டை முடிந்து டிரங்குப் பெட்டியோடு வந்த அப்பா, தெரு இருந்த இடத்தில் அலையைப் பார்த்தபடி நின்றார். நாங்கள் அவரிடம் ஓடினோம்.

"வூடு நல்லா கீதுன்னு எய்துனியே?"

அம்மா அவருடைய, கையில்லாமல் தொங்கிய இடது சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் இன்னா எய்துன?"

அதற்குப் பிறகுதான் அங்கே அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள், அதுவும் லாரிகள் ஓடும் சாலையைக் காப்பாற்ற.